"எங்க வீட்டுக்காரி" என்று சொல்லப்போய்

பேரன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். இல்லை, அதை அடித்துவிடுங்கள். இங்கே நான் நலம். உங்கள் தங்கையும் தனியாக நலம். ஏன் இப்படிப் பிரித்து எழுதுகிறான் என்று முகம் சுளிக்காமல் மேலே படியுங்கள். அங்கே எல்லாரும் சுகம்தானே?

இந்த ஊரில் குடியிருக்கும் அனுமதியை நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அதற்காக அலுவலகம் போனோம். உங்கள் தங்கையை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். அங்கே ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் அம்மாள். நம் பாஷையைப் புத்தகத்தில் படித்தவள், ஓர் எழுத்தைக்கூட விடமாட்டாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். நான் சாதாரணமாகத்தானே சொன்னேன்: "எங்க அம்மாவுக்கு நான் ஒரே பையன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. எங்க வீட்டுக்காரிக்கு முட்டிவலி." அந்த அம்மாள் அதை 'எங்கள் எல்லாருக்கும் மனைவி' என்று எடுத்துப் போட்டுவிட்டாள். அதிகாரியின் பேனா நின்றது. "அவங்க மொத்தம் எத்தனை பேருக்கு மனைவி?" என்று கேட்கிறார், மச்சான்! "ஐயையோ, நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லீங்க!" என்றேன். அந்த 'நாங்க'வையும் எழுதிக்கொண்டார். ஒரே பையனுக்கு 'எங்க' அம்மா எப்படி வந்தாள், மற்ற பிள்ளைகள் எங்கே என்று அடுத்த கேள்வி.

அடுத்த வாரம் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இருக்கிறதே ஒற்றை அறை, அதில் யாரை ஒளிக்க? குளியலறையில் நாலு பல்துலக்கும் பிரஷ் இருந்தது. இரண்டு எங்களுடையது, ஒன்று குழாய் தேய்க்க. நாலாவது நான் தலை நரைக்கு மை பூசுவது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? "நாலு பேர்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். சோறு இறங்கவில்லை. உங்கள் தங்கையை எங்கேயாவது அனுப்பிவிடுவார்களோ என்று அவள் தூங்கும்போதும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கிடக்கிறேன்.

சலவைக்கூட மேஸ்திரிதான் வழி சொன்னார். பொது அலமாரியில் உள்ள உப்பு டப்பாவில்கூடத் தன் பெயரை ஒட்டிவைக்கிற மனிதர் அவர். "இங்க எல்லாரும் நான், என், எனக்குன்னுதான் பேசுவாங்க. நீயும் அப்படியே பேசு" என்றார். மச்சான், சின்ன வயதில் 'நான்' என்று ஆரம்பித்தாலே எங்க அம்மா, "என்னடா பெரிய நானு?" என்று தலையில் குட்டுவாள். ஐம்பத்தாறு வயதில் கண்ணாடி முன்னால் நின்று "நான், நான்" என்று சொல்லிப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் கை தானாக உச்சந்தலைக்குப் போய்விடும்.

நேற்று இரண்டாவது விசாரணை. பிழைத்தேன்! "யார் வாடகை கட்டுறாங்க?" "நான்." "சமையல்?" "நான்." "அந்த அறையில யார் இருக்காங்க?" "நான்!" 'நாங்க' என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். அதிகாரி சிரித்து, கையெல்லாம் குலுக்கினார். ஆகவே போன கடிதத்தில் அத்தாட்சிக்கு என்று நான் கேட்ட கல்யாணப் படத்தை அனுப்ப வேண்டாம். அதில் நாற்பது பேர் நிற்கிறோம். பார்த்தால் பழைய சந்தேகம் திரும்பிவிடும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு என் வணக்கம். உங்கள் தங்கை தன்னுடையதைத் தனியே சொல்லிக்கொள்வாள்.

இப்படிக்கு,
நான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பதில் வந்துவிட்டது. எனக்கு நாலு வருஷம் அனுமதி. 'விண்ணப்பதாரர் தனியாக வாழ்கிறார் என்று அவரே சொன்னார். வீட்டில் காணப்பட்ட பெண் யாருடைய மனைவி என்று தெரியவில்லை. அந்தப் பெண் முப்பது நாளில் வெளியேற வேண்டும்.' மச்சான், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அந்தப் படத்தை உடனே அனுப்புங்கள், நாற்பது பேரோடும். மேல்முறையீடு திங்கட்கிழமை. உங்கள் தங்கை அழவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவை நான் பேசறேன். நீங்க வாயைத் திறந்தா ஒண்ணு நம்ம வீட்டுல ஆள் கூடுது, இல்ல நான் காணாம போயிடறேன்."