பதினான்காவது கட்டம்

படிவம் திரும்பி வந்துவிட்டது. ‘குழந்தைக்கு உதவித்தொகை தேவைப்படவில்லை எனத் தெரிகிறது’ என்று ஒரே வரியில் பதில்.

மருமகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாமனாரையே பார்த்தாள். நாற்பது வருஷம் கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவர். முத்து முத்தான கையெழுத்து. அதை நம்பித்தான் படிவத்தை அவரிடம் கொடுத்திருந்தாள்.

‘குழந்தையால் தானாக நடக்க முடியுமா?’ என்ற கேள்விக்கு, ‘முடியாது என்று எங்கள் வம்சத்தில் யாரும் சொன்னதில்லை’ என்று எழுதியிருந்தார். ‘மாடிப்படி ஏறுமா?’ ‘தினமும் மூன்று மாடி.’ ‘பிறர் உதவி தேவையா?’ ‘நாங்கள் பிறர் அல்ல.’

“மாமா, அவ என்னிக்கு மாடி ஏறினா?”

“என் முதுகுல ஏறிக்கிட்டு வர்றா. வீடு வந்து சேர்றாளா இல்லையா?”

பேத்திக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்து கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. அந்த இரண்டுக்கும் சேர்த்து வாய் வேலை செய்ததால் வீட்டில் அவள் பெயர் வாண்டு. நாலு வயதில் வாங்கிய சக்கர நாற்காலியில் இப்போது உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. உதவித்தொகை வந்தால்தான் புது நாற்காலி. புது நாற்காலி வந்தால்தான் பெரிய பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் ஜன்னலோரம்தான்.

இரண்டாவது படிவத்தை மருமகள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. ‘முடியாது’ என்று எழுதவேண்டிய இடம் வந்தபோதெல்லாம் பேனாவில் மை வரவில்லை என்றார். வேறு பேனா கொடுத்தாள். கண்ணாடி மங்குகிறது என்றார். துடைத்துக் கொடுத்தாள். இப்படியாகப் பதின்மூன்று கட்டம் தேறியது.

பதினான்காவது கட்டத்தில், ‘குழந்தை நடமாடப் பயன்படுத்தும் உபகரணம்’ என்று இருந்தது. மருமகள் கதவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

“அந்த ஓட்டை வண்டியையா? நாலு பேர் படிக்கிற காகிதத்துலயா?” என்று பேனாவை மூடிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். மருமகள் தலையில் அடித்துக்கொண்டு பசை தேட உள்ளே போனாள். பென்சிலால் படம் வரைந்துகொண்டிருந்த வாண்டுவின் பக்கத்தில் படிவம் சிறிது நேரம் கிடந்தது. பிறகு பெரியவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், படிவத்தையும் பார்க்காமல், உறையில் போட்டு ஒட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவாராம்.

பெருமை பேசமாட்டேன் என்று மருமகள் அவரிடம் சத்தியம் வாங்கினாள். சத்தியம் செய்தார். ஆனால் அந்நியர் வந்தால் வீட்டின் ஓட்டை உடைசலை மறைப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வியாழக்கிழமை அழைப்புமணி அடித்ததும் அவருடைய கை தானாகவே வேலை செய்தது. மருமகள் கதவைத் திறப்பதற்குள் நாற்காலி குளியலறைக்குள் போய்விட்டது. வாண்டு சோபாவில் நாலு தலையணைக்கு நடுவே மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் இல்லையா என்று கேட்டார். தேவைப்பட்டதில்லை என்றார் குமாஸ்தா. மருமகள் இருமினாள்.

குழந்தை எப்படித் தெருவுக்குப் போகும் என்று அடுத்த கேள்வி.

சத்தியம் நினைவுக்கு வருவதற்குள் முதுகு முந்திக்கொண்டது. வாண்டுவைத் தூக்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினார். இரண்டாவது மாடியில்தான் உறைத்தது: இவ்வளவு சுலபமாகப் போனால் உதவித்தொகை எதற்கு? உடனே, “ஐயோ, முடியலையே” என்று முனகிக்கொண்டு திரும்பி ஏறினார். அதில் பாதி நடிப்பு. மீதி எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

“தாத்தா, இன்னும் சத்தமா. மேல கேக்காது,” என்றாள் வாண்டு, மேலே கேட்கும்படியாக.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். குனிந்து குமாஸ்தாவின் முழங்காலைப் பார்த்தார். அதையும் குறித்துக்கொண்டார்.

காரியம் கெட்டது என்று மருமகள் குளியலறைக்கு ஓடி நாற்காலியை இழுத்து வந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட வந்த அது, வாசற்படியில் இடித்து வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டது. சக்கரம் யாருக்கும் காத்திராமல் படியில் இறங்கியது.

குமாஸ்தாவும் இறங்கினார். வாண்டுவை முதுகிலிருந்து இறக்க நேரமில்லை. “லெஃப்ட்ல போகுது தாத்தா. பிரேக் போடாதீங்க,” என்று அவள் மேலிருந்து வழி சொன்னாள். முதல் மாடிக்காரர் குப்பைக்கூடையோடு கதவைத் திறந்தார். சக்கரம் கூடையில் விழுந்தது. கூடை அவர் காலில் விழுந்தது. நாற்பது வருஷத்தில் முதல்முறையாகக் குமாஸ்தா ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு கையில் சக்கரம், முதுகில் பேத்தி, சட்டையில் வெங்காயத்தோல். மேலே வந்து சேர்ந்தபோது பேச்சு வரவில்லை.

வாண்டுவைச் சோபாவில் இறக்கிவிட்டதும் அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். வயது கேட்டார். எழுபத்திரண்டு என்று விரலால் காட்டினார். மூட்டு வலி உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். மருமகள் உண்டு என்று தலையாட்டினாள். இரண்டும் குறிப்பில் ஏறின.

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. குமாஸ்தா வாண்டுவைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பள்ளிக்கூட வேன் போயிற்று.

அவர் எழுந்து நின்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“அம்மா, நான் இவ்வளவு நேரம் செஞ்சது எல்லாம் வேஷம். எங்க பொண்ணால நடக்க முடியாது. என்னாலயும் ரொம்ப நாள் தூக்க முடியாது. தப்பு என்னோடது. என்னை வெச்சு அவ மனுவைத் தள்ளிடாதீங்க.”

அந்த வீட்டில் ‘முடியாது’ என்ற சொல்லை அதுவரை யாரும் அவர் வாயால் கேட்டதில்லை. மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாண்டு மட்டும் படம் வரையும் பென்சிலைத் தலையணைக்கு அடியில் மெதுவாக ஒளித்தாள்.

அதிகாரி பையிலிருந்து படிவத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் விரித்தார்.

“உதவித்தொகை போன வாரமே சாங்ஷன் ஆயிடுச்சுங்க ஐயா. பதினாலாவது கட்டத்துல உபகரணம்ங்கிற இடத்துல பென்சில்ல ‘தாத்தா’ன்னு எழுதியிருந்தது. அது இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”