அட்டை பஸ்ஸில் அடிபட்ட மகளுக்கு

புதன்கிழமை, காலை

அன்பு மகளுக்கு, ஓய்வுபெற்ற போக்குவரத்து ஏட்டும் உன்னைப் பெற்றவனுமாகிய அப்பா ஆசியுடன் எழுதுவது. இடது முழங்காலை நீக்கிவிட்டுப் பார்த்தால் நான் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் முழங்கால் உட்பட சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நேற்று போனில் நீ, "என்னப்பா நடக்குது அங்க? விளக்கமா சொல்லுங்க. நான் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டாய். நான் "சரி சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தவனிடம் விளக்கம் கேட்டால் எழுத்தில்தான் கொடுப்பான். வாயால் கொடுத்த விளக்கம் எங்கள் துறையில் ஒருத்தனையும் காப்பாற்றியதில்லை.

முதல் விஷயம், கீழ் வீட்டுத் தையற்காரர் உன்னிடம் சொன்னதை அப்படியே நம்பாதே. அந்த மனுஷன் சட்டைக்கு அளவெடுப்பதிலேயே இரண்டு அங்குலம் கூட்டிப் போடுகிறவர். நான் ரோட்டோரம் மூன்று மணி நேரம் நின்றேன் என்றாராமே. ஒரு மணி நாற்பது நிமிஷம்தான். சும்மா நின்றேன் என்பதும் பொய். நான் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தேன். இன்னும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். போன தடவை நீ வந்தபோது வாங்கி வைத்த மாத்திரை திங்கட்கிழமையோடு தீர்ந்துவிட்டது. மருந்துக்கடை நேர் எதிரே, பால்கனியில் நின்றால் கடைக்காரர் கொட்டாவி விடுவதுகூடத் தெரியும். உன் அம்மா இருந்தவரைக்கும் அவள்தான் போய் வாங்கி வருவாள். அவள் ரோட்டைக் கடக்கும் அழகை நீ பார்த்திருக்கிறாய்: வலது பக்கம் பார்க்கமாட்டாள், இடது பக்கம் பார்க்கமாட்டாள், பையை முன்னால் நீட்டி, "இருய்யா, கண்ணு தெரியலையா?" என்று வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டே நடப்பாள். போக்குவரத்துப் போலீஸ்காரன் பெண்டாட்டி இப்படி நடக்கலாமா என்று முப்பது வருஷம் சண்டை போட்டேன். ஒரு சைக்கிள்கூட அவளைத் தொட்டதில்லை. கடைசியில் எந்த வண்டியும் இல்லாமல், கட்டிலில் படுத்தபடியே போய்விட்டாள். அவள் போன மூன்றாம் மாதம் ரோட்டை இரண்டு மடங்கு அகலப்படுத்தினார்கள். நான் ஆட்கள் கடப்பதற்குப் போட்ட வரிக்கோட்டருகில் நின்று, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே வலது பார்த்தேன், இடது பார்த்தேன், மறுபடி வலது பார்த்தேன். வலதுக்குத் திரும்பும்போது ஒரு பஸ் வருகிறது. அது போகட்டும் என்று மறுபடி முதலிலிருந்து. கழுத்து வலிதான் மிச்சம். மற்றவர்களெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனார்கள். எனக்கு மனசு வரவில்லை. 'கண்ணுக்கு எட்டின தூரம் வண்டி இல்லைன்னாதான் கால் வெக்கணும்' என்று ஊரிலுள்ள பள்ளிக்கூடமெல்லாம் போய் விசில் ஊதிச் சொன்ன வாய் இது.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு அம்மா என்னைப் போலவே கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். தோளில் ஆபீஸ் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, வங்கியில் வேலையாம். அவருக்கு அந்தப் பக்கம் சவரக்கடைக்காரர், அவருக்கும் கழுத்து திரும்புகிறது. அவருக்கும் அந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர். லாரியை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தவர், அரை மணியாகத் திரும்பிப் போக முடியவில்லை. வங்கி அம்மா என்னை உற்றுப் பார்த்து, "சார், நீங்க அட்டை பஸ் சார்தானே?" என்றார். மற்ற இரண்டு பேரும் உடனே திரும்பி, "அட! நம்ம அட்டை பஸ் சார்!" என்றார்கள். விசாரித்தால் மூன்று பேரும் சின்ன வயசில் என்னிடம் சாலைப் பாதுகாப்பு படித்தவர்கள். வெவ்வேறு பள்ளிக்கூடம், ஒரே பாடம். இந்த ஊரில் ரோட்டைக் கடக்கத் தெரியாதவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால் அத்தனை பேரும் என் மாணவர்களாகத்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. எனக்குப் பெருமைப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று புரியவில்லை.

"சார், நீங்களே நிறுத்துங்க சார், உங்களுக்கென்ன!" என்றார் லாரி டிரைவர். சட்டைப்பையில் பழைய விசில் இருந்தது. அது எப்போதும் இருக்கும், ஏன் என்று கேட்காதே. ஊதினேன். ஒரே ஒரு தடவைதான், தையற்காரர் சொல்வதுபோல் பத்துத் தடவை இல்லை. கையைத் தூக்கினேன். நாலு வண்டி நின்றது, ஐந்தாவது வண்டி நாலாவதை முட்டியது, ஆறாவது ஆள் இறங்கி வந்து என்னிடம், "யாருய்யா நீ, வீட்டுச் செருப்போட வந்து டிராஃபிக்க நிறுத்தற?" என்றான். அதற்குள் ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர் ஓடி வந்தார். நான் என் பதவி, பணிக்காலம் எல்லாம் சொன்னேன். அவர், "சரிங்க பெரியவரே, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார். மருந்துக்கடை வாசலில் நின்ற பிறகுதான் மருந்துச் சீட்டு வீட்டில் மேஜை மேல் இருப்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் போலீஸ்காரரைக் காணோம். கடைக்காரர் ஒரு ஸ்டூல் போட்டார். சாயந்தரம் ஐந்து மணிக்கு, ரோடு வேலைக்காக ஒரு பக்கம் அடைத்தபோது, வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

இவ்வளவுதான் விளக்கம். இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தையற்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. அந்த வங்கி அம்மாவும் என்னோடு எதிர்ப்பக்கம் வந்துவிட்டார், பஸ் வரும்வரை ஸ்டூல் பக்கத்திலேயே நின்றார். "சார், அன்னிக்கு பஸ்ல அடிபட்டுச்சே ஒரு பொண்ணு, அது இப்ப எப்படி இருக்கு? எங்க க்ளாஸ்ல நாங்க நாலஞ்சு பேர் அவங்கவங்க வீட்டுக்குப் போயி அழுதோம் சார்" என்றார். அது என் மகள்தான், நல்லா இருக்கா, ரெண்டு குழந்தை என்று சொன்னேன். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்க பொண்ணா? அப்ப நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன பொண்ணு நான்தான் சார். அந்தப் பொண்ண மட்டும் ஏன் யாருமே கையப் புடிக்கலன்னு எங்கம்மாகிட்ட கேட்டேன்" என்றார். பஸ் வந்துவிட்டது, போய்விட்டார்.

உனக்கு எல்லாம் ஞாபகமிருக்கும். மைதானத்தில் கறுப்புத் தார்ப்பாயை விரித்து வெள்ளைக் கோடு போட்ட நம்முடைய ரோடு. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் சிவப்பு பெயிண்ட் அடித்த பஸ், உள்ளே இரண்டு கான்ஸ்டபிள், வெளியே நாலு பூட்ஸ் கால், வாயாலேயே ஹாரன். பாடத்துக்கு இரண்டு பிள்ளை வேண்டும். ஒன்று பெரியவர் கையைப் பிடித்து ஒழுங்காகக் கடக்கும், இன்னொன்று யார் கையையும் பிடிக்காமல் தனியாக ஓடி அடிபட்டு விழும். முதல் பள்ளிக்கூடத்திலேயே ஒரு தாய் வந்து, "எம்புள்ளய பஸ்ஸுல அடிக்க விடுறீங்களா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தானே. ஊரான் பிள்ளையை விழச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, என் பிள்ளையைச் சொல்லலாம் என்று உன்னைக் கூட்டிப் போனேன். இருபத்துமூன்று பள்ளிக்கூடம். நீ அற்புதமாக விழுவாய், கான்ஸ்டபிள்களே பயந்துபோவார்கள். ஒரு நாள் ஜீப்பில் போகும்போது நீ, "இன்னிக்கு ஒரு நாள் நான் கையப் புடிச்சுட்டு வர பொண்ணா இருக்கட்டுமாப்பா?" என்று கேட்டாய். நான், "ட்யூட்டில நான் அப்பா கிடையாது, சார்தான்" என்றேன். நீ அதற்கப்புறம் கேட்கவே இல்லை. உனக்கு எட்டு வயசு. நேற்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது. அது தப்பு, மகளே. இதையும் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் தனியாகக் கிடந்து தவிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் ரேடியோ இருக்கிறது. பால்கனியில் நின்றால் போகிற வருகிற வண்டி எண்களையெல்லாம் படிக்கலாம், பொழுது போய்விடும். நேற்று அந்த ரோட்டோரத்தில் பேசிய அளவுக்கு இந்த வருஷத்தில் நான் யாரோடும் பேசவில்லை என்பது உண்மைதான், அதற்காக நீ லீவு போட வேண்டிய அவசியமில்லை. குழந்தைகளுக்குப் பரீட்சை, உனக்கு வேலை. ஆகவே நீ கேட்டதற்கு என் பதில்: வர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பேத்தி பேரனுக்கு முத்தம். எல்லாரும் நீடூழி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்து, நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
அப்பா
(ட்யூட்டியில் இல்லை)

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. தபால்பெட்டியும் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது என்பது உறையை ஒட்டின பிறகுதான் உறைத்தது. மூன்று நாளாகக் கடிதத்தோடு போய் வரிக்கோட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். தையற்காரரிடம் கொடுக்கலாம், பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவார். ஆகவே உறையைப் பிரித்து இதை எழுதி, மேஜை மேல் மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என்னிடமிருந்து பதில் வராவிட்டால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். தபால் போடாததற்கு ரோடு மட்டும்தான் காரணம் என்று எழுத வந்தேன், கை வரவில்லை. இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறதென்றால் நீ வந்துவிட்டாய் என்று அர்த்தம், மேலே 'வர வேண்டாம்' என்ற இடத்தை அடித்துவிடு. முகம் கழுவிக்கொண்டு வா, மருந்துக்கடைக்குப் போகலாம். இந்தத் தடவை உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.