மருந்தே தொடாத முட்டை

ஏழாவது கோழியும் தும்மியபோது அர்லீன் க்ரைடர் கோழியைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாசல் பலகையைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். "மருந்தே தொடாத முட்டை" என்று கணவன் க்ளெய்ட்டன் சிவப்புப் பெயின்டில் எழுதி நட்ட பலகை. பென்சில்வேனியாவில் எங்கள் சாலைக்கே அது பெருமை.

கால்நடை டாக்டர் பிங்கமன் பரிசோதித்துவிட்டு, "பாக்டீரியாதான். இந்த ஆன்டிபயாடிக் பொடியத் தண்ணியில கலந்து அஞ்சு நாள் வைங்க" என்றார்.

"கிருமிய உடனே கொன்னுடுமா?"

"கொல்லாது. கிருமிக்குள்ள புரதம் செய்யற பட்டறையப் பூட்டிடும். பெருக முடியாமத் திணறும். மிச்சத்தக் கோழி உடம்பே பாத்துக்கும். தும்மல் நின்னுடுச்சேன்னு பாதியில நிறுத்திடாதீங்க, தப்பிச்சதெல்லாம் தேறி வந்துடும். அப்புறம், நான் சொல்ற வரைக்கும் முட்டைய யாரும் தின்னக் கூடாது. மருந்து அதுலயும் இறங்கும்."

"ஐயோ! ஞாயித்துக்கிழமை தீயணைப்பு நிலையத்துல காலை விருந்து. பன்னண்டு டஜன் தரேன்னு வாக்குக் குடுத்திருக்கேனே!"

"இல்லன்னு சொல்லிடுங்க."

நல்ல யோசனைதான். அதனாலேயே அவளுக்குப் பிடிக்கவில்லை.

க்ளெய்ட்டனிடம் சொல்வதும் ஒன்று, தேவாலய மணியை அடிப்பதும் ஒன்று. ஆகவே சொல்லவில்லை.

"தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?"

"வைட்டமின்."

அன்றாடம் விழுந்த முட்டைகளைக் கொட்டகையில் நீல வாளிகளில் ஒளித்துவைத்தாள். வியாழனன்று பக்கத்து ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு டஜன் பழுப்பு முட்டை வாங்கினாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் எப்போதும் அங்கேதான் முட்டை வாங்குவேன்.

கடை முட்டை பளபளவென்று இருந்தது. கொஞ்சம் சேறு தடவினாள். கூடிப்போயிற்று. துடைத்தாள். ஒட்டுவதற்கு இறகு தேடிப் போய்க் கோழியிடம் கொத்து வாங்கினாள். வெள்ளிக்கிழமை அவற்றை நிலையத்தில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி க்ளெய்ட்டனை அனுப்பினாள். சனிக்கிழமை வாளிகளில் இருந்ததையெல்லாம் மண்வெட்டியால் நொறுக்கிப் புதைத்துவிட்டு நிம்மதியாகக் கை கழுவினாள்.

ஞாயிறு காலை நிலையத் தலைவர் டல்லஸ் வாய் நிறைய முட்டையோடு எழுந்தார். "கடை முட்டைக்கு இந்த ருசி வருமாய்யா? அர்லீன் கோழின்னா அர்லீன் கோழிதான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அர்லீன் அடக்கமாகத் தலை குனிந்தாள். சிரிப்பை வேறெங்கே ஒளிப்பது?

எதிரில் டாக்டர் பிங்கமன் முள்கரண்டியை வாய்க்கருகிலேயே நிறுத்திவிட்டு அவளை முறைத்தார்.

அவள் குனிந்து, "பயப்படாதீங்க டாக்டர், கடையில வாங்கினது" என்று கிசுகிசுத்தாள்.

டாக்டர் நிம்மதியாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் க்ளெய்ட்டன் அவள் காதருகே வந்தான்.

"குப்பையில கடை முட்டை அட்டைப் பெட்டியப் பாத்துட்டேன் புள்ள. நம்ம பலகை என்னாவறது? அதான் வெள்ளிக்கிழமையே கடை முட்டைய நீல வாளியில கொட்டிட்டு, வாளியில இருந்த நம்ம முட்டையத்தான் இங்க கொண்டாந்து குடுத்தேன்."