ஒலி-ஒளி அமைப்பு: குடிபாலா மாசிலாமணி

குடிபாலா,
வெள்ளிக்கிழமை காலை.

திருப்பதியில் வெப்சைட் கம்பெனி வேலையில் இருக்கும் மருமகப்பிள்ளை நிதினுக்கு, உன் தாய்மாமன் மாசிலாமணி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தை தேன்மொழியும் சௌக்கியம். வேர்க்கடலைக்கு மழை போதவில்லை, மற்றபடி குறையில்லை. அவ்விடத்துச் சௌக்கியத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. கடிதம் என்றால் கேட்டாக வேண்டும் என்பதால் கேட்டுவைக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். பேசினால் பாதியிலேயே "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மத்தியானம் வரதராஜன் திருப்பதி பஸ் ஏறுகிறான், அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை ரக்ஷிதாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டாம், போனிலேயே திறந்து பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் நானே செய்கிறேன் என்று நீ சொன்னபோது முதலில் தலையாட்டியவன் நான். அதற்கு நீ செய்த மரியாதை இது. லிங்க் வந்தது, திறந்தேன். மேலே பிள்ளையார், சரி. மணமகள் ரக்ஷிதா, சரி. அடுத்த வரியில் மணமகன் பவன்குமார், அதுவும் சரி. அதற்குக் கீழே தாய்மாமன்மார் என்று தலைப்பு போட்டு ஒரு பெட்டி. இடது பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவர்த்தனன் சட்டமாக உட்கார்ந்திருக்கிறார். வலது பக்கம், நான் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் ரோஸ் கலர். எங்கேடா நான் என்று விரலால் தள்ளித் தள்ளித் தேடினால், பெட்டியை விட்டு வெளியே விழுந்து, அடுத்த பெட்டியில் ஹரிபாபு என்று எவனோ ஒருவனுடைய பெயர்மேல் ஏறி நிற்கிறேன். அந்தப் பெட்டிக்கு நீ வைத்த தலைப்பு 'ஒலி-ஒளி அமைப்பு'.

டீக்கடையில் வரதராஜனிடம் என் போனைக் காட்டினேன். அவன் நிதானமாகப் படித்துவிட்டு, "இன்னாண்ணா, மைக் செட்டு வச்சிகிறியா, சொல்லவே இல்ல? ஆடிக்கு நம்ம கோயிலுக்கும் நீயே போட்டுடு" என்றான். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "எனுக்கு கரீட்டாதான் தெரிது மாமா. நீ ஒரு ஸ்கிரீன்ஷாட் எட்த்து அனுப்பு, பாக்கறேன்." தாய்மாமனிடம் சாட்சி கேட்கிற மருமகனை நான் இந்த மண்டலத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் சொன்னால் போதாதா? அனுப்ப மாட்டேன் என்றேன். அதற்கு நீ, அது போனுக்குப் போன் அடங்கி உட்காரும், அதற்குப் பெயர் ரெஸ்பான்ஸிவ் என்று பாடம் எடுத்தாய். கோவர்த்தனன் பெயர் அடங்கவில்லையே, அது எப்படி? அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர், அசைக்கக்கூடாது. நான் நம் வீட்டு ஆள், எங்கே விழுந்தால் என்ன என்றுதானே விட்டுவிட்டாய்? நான் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் இருபத்தாறு வருடம் டின்னுக்கு லேபிள் ஒட்டினவன். ஒரு லேபிள் அரை விரல் இறங்கியிருந்தால் பெட்டி மொத்தத்தையும் திருப்பிக் கொடுப்பார்கள். டின்னுக்குக் கிடைத்த மரியாதை எனக்கு உன்னிடம் கிடைக்கவில்லை.

சரி, எவன் தயவும் வேண்டாம் என்று, சொந்தக்காரர்கள் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி நீ கொடுத்திருந்த பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு சித்தூரில் சிவசங்கரியின் நெட் சென்டருக்குப் போனேன். அந்த அம்மா ரேஷன் கார்டு, நிலத்துக்குப் பட்டாதார் பாஸ்புத்தகம் எல்லாம் போட்டுக் கொடுப்பவள், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி. உன் பக்கத்தின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஒரே எறும்புப் புற்று. இதற்கு சிஎஸ்எஸ் என்று பெயராம், எது எங்கே உட்கார வேண்டும், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறதாம். "பேடிங்னா சொவுத்துக்கு உள்ள வுடற எடம்ணா, மார்ஜின்னா சொவுத்துக்கு வெளில வுடற எடம்" என்றாள். நீ இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஒரு வார்த்தை புரியச் சொன்னதுண்டா? என் பெயருக்கு மேலே உள்ள மார்ஜினை மைனஸில் போட்டால் பெயர் மேலே ஏறும் என்றும் அவளே சொன்னாள். போடு என்றேன். இருபது போட்டாள், ஹரிபாபுவை விட்டு விலகினேன். நாற்பது போட்டாள், பாதிக் கிணறு தாண்டி நின்றேன். ஐம்பத்தாறில் கோவர்த்தனனுக்கு நேராக வந்து உட்கார்ந்தேன். பெண் வீட்டு மாமன் ஒரு நூல் தூக்கலாக இருந்தால் தப்பில்லை என்று அறுபது போடச் சொன்னேன். "கொஞ்சம் ஆகண்டி, இருங்க, வேற போன்லயும் ஒருவாட்டி பாத்துக்கலாம்ணா" என்றாள். என் கண்ணால் என் போனில் பார்த்தாயிற்று, இன்னொருத்தர் போன் எதற்கு என்று எழுந்து வந்துவிட்டேன். இன்று காலையிலும் பார்த்தேன், நிலைப்படி மாதிரி நேராக இருக்கிறது. படித்துச் சம்பளம் வாங்குகிற உன்னால் ஆகாததை நான் ஒரு மத்தியானத்தில் முடித்தேன் என்பதை உன் கம்பெனியிலும் சொல்.

ஆனால் பக்கம் சரியானதால் மனசு சரியாகிவிடாது. ரக்ஷிதாவுக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவள் நெற்றியில் பட்டம் கட்டப் போகிற கை இது. பிறந்த அன்றைக்கே உன் அம்மா கன்னிகாவிடம் நான் கேட்டு வாங்கிய உரிமை அது. எனக்கு வலித்தது நிதின், அதை மறைக்கவில்லை. ஆகவே நன்றாகக் கேட்டுக்கொள். நீ நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, உன் அப்பா, என் மச்சான் முனிகிருஷ்ணனையும் கூட நிற்க வைத்து அழைத்தால் ஒழிய நான் அந்தக் கல்யாண மண்டபத்து வாசல் மிதிக்க மாட்டேன். பட்டம் கட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். மைக் செட்காரனுக்கு மணமேடையில் என்ன வேலை?

உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் விசாரிப்பு. ரக்ஷிதாவுக்கு மட்டும் என் பூரண ஆசீர்வாதம். உனக்கும் கொஞ்சம் உண்டு, வந்து கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
குடிபாலா மாசிலாமணி
(தாய்மாமன்)

பின்குறிப்பு: கவரில் போடப் போகும்போது ரக்ஷிதா போன் செய்தாள். "மாமா, அவங்க ஊட்ல எல்லாரும் போன கையில வச்சிக்கினு நிக்கிறாங்க. மணமகன்னு போட்டு உன் பேரு கீது. அவரு பேரு உன் பேருக்கு அடில மாட்டிக்கினு கீது" என்றாள். தேன்மொழியின் போனில் பார்த்தேன், மணமகன் குடிபாலா மாசிலாமணி என்றுதான் இருக்கிறது. எனக்குக் கண் ஆபரேஷன் முடித்து அனுப்பும்போது நர்ஸம்மா என் போனில் எழுத்தை இருப்பதிலேயே பெரிசாக வைத்துக் கொடுத்தார்களாம், அதனால்தான் பெயர் இடம் கொள்ளாமல் எனக்கு மட்டும் கீழே விழுந்ததாம். தேன்மொழி கண்டுபிடித்தாள். "ஊருக்கெல்லாம் நல்லா இருந்தத நீதான் போயி கெட்த்துட்டு வந்துகிற" என்றாள். கோவர்த்தனன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை. உனக்கு நான் நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மீட்டிங் என்றே நினைத்துக்கொள்கிறேன். மேலே எழுதியதை விட்டுவிடு, இதை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் பழையபடி வைத்துவிடு. அதற்குப் பிறகு என் போனில் நான் எந்தப் பெட்டியில் விழுந்தாலும் கேட்க மாட்டேன். ரக்ஷிதா போனை வைக்கும் முன், "நீ வந்து பட்டம் கட்டலன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன் மாமா" என்றாள். அவளிடம் சொல்லிவிடு, பட்டம் போன வாரமே வாங்கி என் பீரோவில் இருக்கிறது; இந்தக் கடிதத்தை எழுதும்போதே இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.