நாற்பத்திரண்டு இன்ச் பிளாட்

“செய்தி வாசிக்கிற பொம்பளைக்கு மூக்கு எங்கடி?” என்று கத்தினார் ராயப்பராஜ்.

சகாயசெல்வி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புது டிவியைப் பார்த்தாள். அந்த அம்மாவின் முகம் முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நாலு கட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது.

“பழைய டிவில தெளிவா இருந்துச்சுங்க.”

“வாய மூடு!”

ராயப்பராஜ் கணக்கு வாத்தியார். மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த முப்பத்திரண்டு இன்ச் எல்சிடியை அவர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. மகள் அனிஷாவுக்கு வத்தலக்குண்டில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கோ அவனை விட்டால் வேறு ஆளே வேண்டாம். பையனின் அப்பா சூசைமாணிக்கம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நகைநட்டெல்லாம் உங்க இஷ்டம் சார். புள்ளைகளுக்கு ஒரு பிளாட் மட்டும் குடுத்துருங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சு வந்து பாத்துட்டு, நிச்சயத்துக்கு நாள் குறிச்சிருவோம்.”

இவ்வளவு நல்ல மனுஷனா என்று ராயப்பராஜ் உருகிப்போனார். திண்டுக்கல்லில் எந்தக் கடையைப் பார்த்தாலும் ‘பிளாட் டிவி’ என்று போர்டு தொங்கிய 2009ஆம் வருஷம் அது. மறுநாளே வாங்கிவிட்டார்.

வாங்கிய இடத்தில் போய்ச் சண்டை போட்டார். “டிவி தங்கம் சார். உங்க கேபிள்தான் சரியில்ல” என்றான் கடைக்காரன்.

கேபிள்காரனைப் பிடித்து உலுக்கினார். “லைன் சுத்தமா இருக்கு சார். யாரு உங்கள இம்புட்டுப் பெரிய டிவி வாங்கச் சொன்னது?” என்றான் அவன்.

ராயப்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு டிஷ் வாங்கி மொட்டைமாடியில் மாட்டினார். பொரி போய்விட்டது. ஆனால் ஆட்கள் எல்லாரும் பக்கவாட்டில் வீங்கிவிட்டார்கள்.

“மூணு நாளா பட்டினி கெடக்குறேன்னு அழுகுறா. இடுப்பப் பாரு, அண்டா மாதிரி!”

ரிமோட்டில் எதையோ அமுக்கினார். சீரியல் நாயகி இளைத்தாள். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

“முழு டிவிக்குக் காசு வாங்கிட்டு முக்கா டிவியக் குடுத்துருக்கான், களவாணிப்பய!”

அந்த நேரம் பார்த்து சூசைமாணிக்கத்தின் போன் வந்தது. “பிளாட் ரெடியா சார்? எம்புட்டு?”

“முப்பத்திரண்டு. மூலைக்கு மூலை.”

எதிர்ப்பக்கம் சூசைமாணிக்கம் உச்சுக்கொட்டினார்.

“ரொம்பச் சின்னதால்ல இருக்கு?”

ராயப்பராஜ் போனைப் படாரென்று வைத்தார். “பிசுநாறிப்பய! ஓசில வர்றதுல அளவு பாக்குறான்டி!”

“நமக்கு இந்த எடமே வேண்டாங்க” என்றாள் சகாயசெல்வி. உள்ளே அனிஷா விசும்பும் சத்தம் கேட்டது. ராயப்பராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“பெட்டியப் பிரிச்ச டிவிக்குப் பாதி வெலதான் சார்” என்றான் கடைக்காரன். சகாயசெல்வியின் இரண்டு வளையல்கள் போய், நாற்பத்திரண்டு இன்ச் வந்தது. அது எந்தச் சுவரிலும் அடங்கவில்லை. கடைசியில் நடுச்சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி, அடுப்படியில் மிக்சிக்கு மேலே மாட்டினார்கள். சகாயசெல்வி அன்று முழுக்கத் தலையில் முக்காட்டோடுதான் சமைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சூசைமாணிக்கம் வந்தார். கூடவே தோளில் பையோடு ஒல்லியாக ஒருவர் வந்தார். “இவரு பொன்னழகு. எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துச் சொல்லட்டும்னு கூட்டியாந்தேன்.”

ராயப்பராஜ் அடுப்படிக்குள் பாய்ந்தார். “டிவி மெக்கானிக்கோட வந்துருக்கான்டி! என்ன நெஞ்சழுத்தம்!”

ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். இருவரையும் டிவிக்கு நேரே உட்காரவைத்தார். அனிஷா காபி கொடுத்தாள். கிரிக்கெட் ஓடியது, புல் பச்சைப்பசேலென்று இருந்தது. சூசைமாணிக்கம் இரண்டு ஓவர் பார்த்துவிட்டு டம்ளரை வைத்தார்.

“வெயில் ஏறுது சார். பிளாட்டப் பாத்துட்டுக் கெளம்புறோம்.”

அவ்வளவுதான். ராயப்பராஜ் குதித்து எழுந்தார்.

“இவ்வளவு நேரம் என்னத்தய்யா பாத்தீங்க? பொண்டாட்டி வளையல வித்தேன்! ஆண்டவரையே அடுப்படிக்கு அனுப்புனேன்! கண்ணு முன்னாடி நாப்பத்திரண்டு இன்ச்சு நிக்குது, பாத்துட்டுப் போறாராம்! யோவ் பொன்னழகு, நீதான தொழில் தெரிஞ்ச ஆளு? மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. இந்தப் பிளாட்டுல என்னய்யா கொற?”

பொன்னழகு மிரண்டுபோய் சூசைமாணிக்கத்தைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து நீளமான டேப்பை வெளியே எடுத்தார்.

“சார், நான் மனை அளக்குற ஆளு. பிளாட்டு எந்தத் தெருவுல இருக்குன்னு காட்டுங்க, அளந்து பாத்துட்டுச் சொல்றேன்.”