முன்னால் நின்ற இரண்டு பேர்

“எல்லாரையும் கூப்பிட்டாச்சு. நம்மள மட்டும் ஏன்ப்பா கடைசியில கூப்பிடறாங்க?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. விமான நிலையக் கண்ணாடிச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

“நாம கம்பெனி வீட்டு ஆளுங்கம்மா. வீட்டுக்கு விருந்தாளி வந்தா அம்மா கடைசியிலதானே சாப்பிடறா? அந்த மாதிரி.”

“மிச்சம் இல்லேன்னா?”

அவர் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

இப்போது அந்த மகள் இரண்டு கடல் தாண்டி இருக்கிறாள். நாளைக் காலை அவளுக்குப் பிரசவ ஆபரேஷன். மனைவி போன வாரமே போய்விட்டாள். மகள் போனில் உத்தரவு போட்டிருந்தாள். “அப்பா, அந்தக் கதவு திறக்கும்போது வெளியில உங்க மூஞ்சி இருக்கணும். சாக்குப்போக்கு சொன்னீங்க, பேத்தியைக் கண்ணுல காட்ட மாட்டேன்.” இந்த விமானத்தை விட்டால் அடுத்தது நாளை மறுநாள்தான்.

அவருக்கு விமானக் கம்பெனியில், காணாமல் போன பெட்டிகளைத் தேடும் பிரிவில் வேலை. பெட்டி வராமல் அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், மேஜையைத் தட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அவர் சொல்வது ஒரே வார்த்தை. “வந்துரும்.” அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘வந்துரும் சார்’ என்றாகிவிட்டது. சொன்ன கையோடு பெட்டிக்காரருக்காக மனதுக்குள் ஒரு சின்னப் பிரார்த்தனையும் செய்வார். அது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. பெட்டிகள் பெரும்பாலும் வந்துவிடும்.

கம்பெனி ஊழியருக்கு டிக்கெட் ஏறக்குறைய இலவசம். ஆனால் அதில் சீட்டு கிடையாது, நம்பிக்கை மட்டும்தான் உண்டு. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால் கூப்பிடுவார்கள். காத்திருப்பவர்களில் யாருக்கு வேலையில் அதிக வருடமோ அவர் முன்னால். ஊழியரின் குடும்பத்தாருக்கும் அதே சலுகை, அதே வருடக் கணக்கு. கேட்டருகே ஒரு திரை தொங்கும். அதில் பெயர் வராது. வரிசை எண்ணும், பக்கத்தில் புரியாத எழுத்துகளாலான ஒரு குறியும் மட்டும் வரும். பதிவுக்குப் பதிவு குறி மாறும்; அவரவருக்கு அவரவர் குறிதான் தெரியும்.

வந்துரும் சார் நல்ல சட்டை, இஸ்திரி போட்ட கோட்டு, பளபளக்கும் ஷூவோடு கேட் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் குறிதான் முதலாவது. காலி சீட்டு ஒன்பது. கையில் லட்டு கிடைத்த மாதிரிதான்.

அப்போது பக்கத்து கேட்டில் ஒரு விமானம் ரத்தானது. அதன் பயணிகள் தள்ளுவண்டியும் கோபமுமாக இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒன்பது ஏழாயிற்று. ஏழு ஆறாயிற்று.

அவர் மனைவிக்குப் போன் போட்டார். அவளும் அதே கம்பெனியில்தான், டிக்கெட் பதிவுப் பிரிவில். வேலையில் இவரைவிட ஒரு வருடம் மூத்தவள். வீட்டிலும் அந்த வருடத்தை அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

“சீட்டு குறைஞ்சுகிட்டே வருது. இப்ப ஆறுதான்.”

“நீங்க கேட் பொண்ணுகிட்ட போய் வழியாம, பேசாம உக்காருங்க. நான் பாத்துக்கறேன்.”

“என்ன பாத்துக்குவே?”

“அய்யோ, நர்ஸ் கூப்பிடுது. வைங்க போனை!”

வைத்தார். நிம்மதியாகத் திரையைப் பார்த்தார். முதல் இடத்தில் ஏதோ ஒரு புதுக் குறி. அவருடையது இரண்டாவது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இரண்டாவதுதான். யாரோ மூத்த ஊழியர் கடைசி நேரத்தில் வந்திருக்கிறார்!

சுற்றிலும் பார்த்தார். எதிரே ஒருவர், நரைத்த மீசை, விலை உயர்ந்த கோட்டு, ஷூவில் முகம் தெரிகிறது. சந்தேகமே இல்லை. விமானி. வந்துரும் சார் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார் ரொம்ப வருஷமோ?”

“முப்பத்தி ரெண்டு,” என்றார் மீசைக்காரர் பெருமூச்சோடு.

“அடேயப்பா! எப்படி சார் தாக்குப்பிடிச்சீங்க?”

“எங்க தாக்குப்பிடிக்கிறது? அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு ஓட்டிட்டேன்.”

“நல்லா ஓட்டியிருப்பீங்க சார், உங்களைப் பாத்தாலே தெரியுது. நடுவுல விட்டுடலாம்னு தோணலையா?”

மீசைக்காரர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின் இருக்கையில் ஓர் அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். “மெதுவா பேசுங்க. தூங்கற மாதிரிதான் இருக்கும், காது மட்டும் முழிச்சிருக்கும்.”

பேச்சு கல்யாணத்தைப் பற்றி என்று புரிய வந்துரும் சாருக்குச் சற்று நேரமானது. அதற்குள் முதல் வகுப்புக்காரர்களைக் கூப்பிட்டார்கள். மீசைக்காரரும் அம்மாளும் எழுந்து, காசு கொடுத்து வாங்கிய சீட்டில் உட்காரக் கம்பீரமாக உள்ளே போனார்கள்.

அப்படியானால் அந்த முதல் ஆள் யார்?

அவர் மச்சினனுக்குப் போன் செய்தார். மனைவியின் தம்பி, சரக்குப் பிரிவில் இருப்பவன். வயதில் சின்னவன் என்றாலும் கம்பெனியில் முதலில் சேர்ந்தவன் அவன்தான். அக்காவையும் அவள் கணவரையும் பிறகு உள்ளே இழுத்துவிட்டதே அவன்தான். அதை மாதம் ஒரு முறையாவது நினைவுபடுத்துவான்.

“மச்சான், எவனோ எனக்கு முன்னாடி வந்துட்டாண்டா.”

“மாமா, உங்களை யாரு இந்தக் கம்பெனியில சேத்துவிட்டா?”

“நீதான்ப்பா, நீதான்.”

“அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க? அஞ்சு நிமிஷம் குடுங்க. காரியம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க.”

அவன் சொன்னதில் பாதி பலித்தது. ஐந்தே நிமிடத்தில் அவருடைய காரியம் முடிந்தது. திரையில் இன்னொரு புதுக் குறி முளைத்தது. வந்துரும் சார் மூன்றாவது. காலி சீட்டு நான்கு.

யாரும் புதிதாக வந்து உட்காரவில்லை. கேட் பெண்ணிடம் யாரும் பேசவில்லை. ஆனால் வரிசையில் ஆள் ஏறிக்கொண்டே இருக்கிறது. பேயா, பிசாசா? பேய்க்கு எதற்கு சீட்டு, அதுதான் சும்மாவே பறக்குமே என்றும் தோன்றியது.

மனைவிக்கு மறுபடியும் போன்.

“ஒருத்தர் இல்ல, இப்ப ரெண்டு பேரு எனக்கு முன்னாடி.”

“நான் செஞ்சதுக்கப்புறமுமா?” என்றாள் அவள் திகைத்து.

அவள் செய்தது பிரார்த்தனை என்று அவர் நினைத்துக்கொண்டார். “நானும்தான் வேண்டிக்கிட்டேன். என்னமோ, நடக்கலை.”

“யாருங்க அந்த ரெண்டு பேரு? மனசாட்சி இருக்கா? பொண்ணு பிரசவத்துக்குப் போற மனுஷனைத் தள்ளிட்டு முன்னால வந்து நிக்கிறானே, அவன் உருப்படுவானா? அவன் பொண்டாட்டி அவனுக்கு நல்லா...”

“திட்டாதே. திட்டாதே. அவங்களுக்கும் என்ன அவசரமோ. நல்லபடியா போய்ச் சேரட்டும்னு நினைச்சுக்க.”

“நீங்க இப்படி நினைச்சு நினைச்சுத்தான் மூணாவதா நிக்கிறீங்க!” என்று அவள் போனை வைத்தாள்.

ஆனால் அவர் நிஜமாகவே கண்ணை மூடி, முகம் தெரியாத அந்த இருவருக்காகவும் வேண்டிக்கொண்டார். நான்கு சீட்டில் இரண்டு அவர்களுக்குப் போனாலும் மூன்றாவது தனக்கு உண்டு என்கிற தைரியமும் அந்தப் பிரார்த்தனையில் கொஞ்சம் கலந்திருந்தது. கடவுள் அதையெல்லாம் பெரிதுபடுத்துகிறவர் இல்லை.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு சின்னப் பெண் நின்று அவருடைய ஷூவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது இருக்கும்.

“தாத்தா, எங்கப்பாவுக்குக் கால் இருக்குமா?”

“ஏம்மா, அப்படிக் கேக்கறே?”

“போன்ல தலை மட்டும்தான் வரும்.”

அவளுடைய அம்மா ஓடிவந்தாள். “மன்னிச்சுக்குங்க சார். பாக்கறவங்களையெல்லாம் இதையே கேக்கறா.” அவள் கம்பெனியின் சமையல் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கணவன் கப்பலில். குழந்தை பிறப்பதற்கு முன்பே போனவன்; அவனுக்கு விடுப்பு கிடைத்தால் இவளிடம் காசு இல்லை, காசு இருந்தால் அவன் நடுக்கடலில். நாளை ஒரு பகல் மட்டும் அவன் கப்பல் அந்த ஊர்த் துறைமுகத்தில் நிற்கும்.

“எத்தனாவதும்மா நீங்க?”

“நாலாவது சார். நானும் இவளும்.” அவள் திரையைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். “நாலு சீட்டு இருக்குன்னு போட்டிருக்கு. நாலாவது ஆளுக்குக் கிடைச்சிரும் இல்ல சார்?”

வந்துரும் சார் கணக்குப் போட்டார். முன்னால் இரண்டு பேர். மூன்றாவது அவர். மிச்சம் ஒன்று. அம்மாவும் பிள்ளையும் இரண்டு. பாதிப் பயணத்துக்குக் கம்பெனியில் வழி இல்லை.

“வந்துரும்மா,” என்றார், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகு திரையை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

“அம்மா,” என்று கேட்டாள் குழந்தை, “எல்லாரும் போறாங்களே, நம்மள ஏன் கூப்பிடல?”

அவர் எழுந்து கைகழுவும் அறைக்குப் போனார். அங்கே யாரும் இல்லை. குழாய் ஒன்று தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டிருந்தது.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று, அவர்கள் மூன்று பேர், சீட்டு இரண்டு. மனைவியின் அப்பாவுக்கு ஊரில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மனைவியையும் குழந்தையையும் மட்டும் அனுப்பவும் மனமில்லை, ஐந்து வயதுக் குழந்தையை விட்டுவிட்டு இருவரும் போகவும் வழியில்லை. அப்போது கேட்டில் இருந்தவர் வந்து, “மூணு பேரும் போங்க. வரிசையில உங்களுக்கு மேலே இருந்த ஒருத்தர் தன் பேரை எடுத்துட்டார்,” என்றார். யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். வந்துரும் சார் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கிழவர் பேத்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அன்றிலிருந்து தினமும் இரவில், முகமே இல்லாத ஒருவருக்காக அவர் ஒரு பிரார்த்தனை செய்து வருகிறார். நன்றி சொல்ல முகவரி இல்லாதவன் வேறென்ன செய்ய முடியும்?

போனை எடுத்துக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, வரிசையிலிருந்து தன் பெயரை நீக்கச் சொன்னார்.

‘உறுதியாகவா?’ என்று கேட்டது போன்.

“உனக்கு வேற வேலை இல்ல,” என்று முணுமுணுத்து, அழுத்தினார். மகள் திட்டுவாள். திட்டட்டும். பேத்தியை ஒரு வாரம் கண்ணில் காட்டாமல் இருப்பாள், பிறகு காட்டுவாள். முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்.

அப்போது ஒலிபெருக்கியில் அவர் பெயர் கேட்டது.

திடுக்கிட்டுப் போனைப் பார்த்தார். ‘உங்கள் பெயர் நீக்கப்பட்டது’ என்றுதான் இருந்தது. பின் ஏன் கூப்பிடுகிறாள்? கேட் பெண்ணுக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அந்த இரண்டு மூத்தவர்களும் இதற்குள் ஏறியிருப்பார்கள், அடுத்தது மூன்றாவது ஆளைத் தேடுகிறாள். இப்போது போய் நின்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண்ணின் காதில் விழும். பிறகு அவள் வேண்டாம் என்பாள், இவர் போங்கள் என்பார், விமானம் போய்விடும்.

வெளியே வந்து ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மீண்டும் அவர் பெயர். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார். தூண் அவர் அளவுக்குக் கட்டப்பட்டதில்லை.

பிறகு வேறொரு பெயரைக் கூப்பிட்டாள். சமையல் கூடத்துப் பெண் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். கேட்டைத் தாண்டும்போது அம்மாவின் தோள்மேலிருந்து குழந்தையின் குரல் மட்டும் கேட்டது. “கால் இருந்தா, ஷூ வாங்கிக் குடுக்கலாமாம்மா?”

தூணுக்குப் பின்னால் வந்துரும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு பழைய பாக்கி தீர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. செய்தித்தாள்கூடத் தேவைப்படவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியைப் பார்த்து நடந்தார். பின்னால் குதிகால் செருப்புச் சத்தம் ஓடிவந்தது. கேட் பெண், மூச்சு வாங்க, அவர் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“சார்! எத்தனை தடவை கூப்பிடறது? கதவை மூடப் போறாங்க, வாங்க!”

“இல்லம்மா... நான் இல்ல. எனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருந்தாங்களே, மூத்தவங்க. அவங்களைக் கூப்பிடு.”

“அவங்களைத்தானே சார் இவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்! உங்க வீட்டம்மா அவங்க கணக்குல உங்களை ஒரு தடவை சேத்திருக்காங்க, உங்க மச்சினன் அவரு கணக்குல இன்னொரு தடவை. அந்த ரெண்டு பேருமே நீங்கதான் சார்!”