எட்டு முறை திறந்த மடை

ஒரு சொல்லை மொழிபெயர்த்ததனால் ஒரு நாற்றங்கால் அழிந்தது என்றால் எவரும் நம்பமாட்டார்கள். அழித்தவன் நான். அழிந்தது என் சம்பந்தியுடையது. (இந்த இரண்டாவது செய்தியைத்தான் என் மனைவி இன்றுவரை முதலில் சொல்வாள்.)

கும்பகோணத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்து நான் ஓய்வுபெற்றபோது, என் இரத்த அழுத்தம் மட்டும் ஓய்வுபெற மறுத்தது. பிறர் பேச்சில் பிறமொழிச் சொல் ஒன்று தலைகாட்டினாலே ஏறிவிடும். மருத்துவர் மாத்திரையோடு உடற்பயிற்சியும் எழுதித் தந்தார். அதற்கு வாய்த்த ஆசான் அடுத்த தெருவில் குடியிருந்த சாகுல் அமீது. முத்துப்பேட்டைக்காரர், சிங்கப்பூரில் நெடுங்காலம் மளிகைக்கடை வைத்திருந்தவர். அங்கே அவர் வீட்டருகே ஒரு பூங்காவில் சீனப் பெரியவர்கள் விடியலில் செய்யும் தாவோ நெறிப் பயிற்சிகளைப் பக்கத்தில் நின்று நின்றே கற்றுக்கொண்டு வந்திருந்தார். வானத்தை ஏந்துவதுபோல் கைகளை உயர்த்துவது, வில்லை வளைப்பதுபோல் விரிப்பது, மூச்சோடு சேர்த்து மெல்ல இறக்குவது என எட்டு அசைவுகள். உடலும் மனமும் உள்ளே ஓடும் ஆற்றலும் ஒன்றோடொன்று சண்டையிடாமல் வாழ வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். எட்டுத் துண்டுப் பட்டு என்று அதற்குப் பெயராம். ("திருபுவனம் பட்டா பாய்?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். உண்மை தெரிந்ததும் திரும்பிப் போனாள்.)

பயிற்சியில் குறையில்லை. உள்ளோடும் ஆற்றலைச் சீனர் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே சாகுல் அமீதும் அழைத்ததுதான் குறை.

"கையை மெதுவா எறக்குங்க புரபசர். இப்ப சீ வரும் பாருங்க. வருதா?"

"என்ன வரும்?"

"சீ. ஒடம்பு பூரா சீ ஓடணும். அப்பதான் ஆரோக்கியம்."

"நண்பரே, உடம்பு முழுவதும் சீ ஓடுபவனை நம் ஊரில் மருத்துவமனையில் சேர்ப்பார்கள்."

"நீங்க வேற! புடிக்கலன்னா நீங்களே ஒரு பேரு வைங்க."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் அதைப் பணி ஆணையாக ஏற்றுக்கொண்டேன்.

மூன்று நாள் அகராதிகளுக்கிடையே கிடந்தேன். காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு ஓட்டம் என்றால் நீரோட்டம்தானே! எனவே ஆற்றல் 'உயிர்நீர்' ஆயிற்று. அது செல்லும் வழிகள் 'வாய்க்கால்' ஆயின. மூச்சை விட்டு உள்ளங்கைகளை முன்னே தள்ளும் அசைவுக்கு 'மடை திற' என்றும், மூச்சை இழுத்துக் கைகளை வயிற்றருகே கொணர்வதற்கு 'மடை அடை' என்றும் கட்டளைகள் வகுத்தேன். வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் திறப்பை மடை என்பதை எங்கள் பக்கத்தில் விளக்கவேண்டியதில்லை. இத்தனை எளிய, இத்தனை தூய கலைச்சொல் வேறெங்கும் உண்டா என்று எனக்கே மெய்சிலிர்த்தது. (சிலிர்த்ததை உயிர்நீர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.)

இக்கட்டளைகளோடு எங்கள் தெருவாருக்கும் பயிற்சி சொல்லித்தரத் தொடங்கினேன். செய்தி எட்டியதும், அந்த ஆவணியில் சம்பந்தி எங்களையும் சாகுல் அமீதையும் ஊருக்கு அழைத்தார். திருப்பனந்தாளுக்கு அருகே ஒரு சிற்றூர், ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலம், சம்பா சாகுபடி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து ஆறு மாதமாகியும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் வணங்கியிருந்தோமே தவிரப் பேசியதில்லை. நான்கு சொல்லுக்குமேல் பேசாதவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர் தொலைபேசியில், "பயிற்சி சொல்லித் தர்றீங்களாமே சம்பந்தி, நம்ம ஊருக்கும் வந்து கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. புகுந்த வீட்டில் என் மகளின் மதிப்பு முழுவதும் என் உள்ளங்கையில் இருப்பதாக உணர்ந்தேன்.

பேருந்தில் மனைவி எச்சரித்தாள். "சம்பந்தி வீடு. வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்க. யார் பேச்சையும் திருத்தாதீங்க."

"நான் எப்போது திருத்தினேன்?"

"கல்யாணத்துல 'வெல்கம்'னு சொல்லிப் பன்னீர் தெளிச்ச பொண்ணை அழவச்சீங்களே!"

அது வேறு செய்தி.

வாய்க்காலை ஒட்டிய தாழ்வான புல்வெளியில் ஊரார் முப்பது பேர் கூடியிருந்தார்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கி புளியமரத்தில் அப்படியே இருந்தது. எனக்காகச் சம்பந்தி அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தார். பக்கத்திலேயே அவருடைய நாற்றங்கால், ஐம்பது குழி, அதாவது அரை மா. முளைகட்டிய விதையை முந்தின நாள்தான் விட்டிருந்தார்கள். "வேர் புடிக்கிற வரைக்கும் தண்ணி பாயக் கூடாதுங்க. பாஞ்சா வெதை மொத்தமும் ஒரு மூலைக்கு அடிச்சிக்கிட்டுப் போயிடும்" என்றார் சம்பந்தி. நான் அறிய, அவர் அதுவரை பேசிய மிக நீண்ட பேச்சு அது. மூங்கில் புதருக்கு அப்பால் காத்தையன் என்பவரை மடைக்குக் காவல் வைத்திருந்தார். "நாங்க சொன்னாத்தான் தொறக்கணும்" என்பது காத்தையனுக்கு இட்ட உத்தரவு. இதையும் என் காதாலேயே கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"அனைவரும் கண்களை மூடுங்கள். உள்ளே ஒரு வாய்க்கால் ஓடுவதாக எண்ணுங்கள். மடை திற!"

முப்பது பேரும் கைகளை முன்னே தள்ளினார்கள். புதருக்கு அப்பால், எங்களில் ஒருவரும் அறியாமல், காத்தையன் எழுந்து மடையைத் திறந்தார்.

"மடை அடை!"

அடைத்தார்.

இப்படி எட்டு முறை. முறைக்கு முறை என் குரல் உயர்ந்தது. எட்டாம் முறை, "முழுவதும் திற! தயங்காதே! தடையின்றிப் பாயட்டும்!" என்று முழங்கினேன். அதன்பின் வருவது அசையா நிலை. எதையும் வலிந்து செய்யாமல் நிற்பதில்தான் தாவோ நெறியின் உயிரே இருக்கிறது. "எதையும் தடுக்காதீர்கள். நடப்பது நடக்கட்டும். நான் சொல்லும்வரை கண்களைத் திறக்கக் கூடாது" என்றேன்.

கால்மணி நேரம் நின்றோம்.

"நீரோசை கேட்கிறதா?"

"கேக்குதுங்க!" என்றது கூட்டம்.

என் உள்ளம் பொங்கியது. சாகுல் அமீதுக்கே ஈராண்டு கழித்துத்தான் வாய்த்ததாம். இவர்களுக்கு முதல் நாளிலேயே! "குளிர்ச்சியை உணர்கிறீர்களா?"

"கால்ல தெரியுதுங்க" என்றது ஒரு பெண்குரல்.

"அது மேலே ஏறும்!" என்றேன்.

சாகுல் அமீது என் காதருகே வந்தார். "புரபசர், கண்ணைத் தொறங்க. இது உள்ள ஓடுற தண்ணி இல்ல." (ஒலிபெருக்கி அதையும் ஊருக்குச் சொன்னது.)

திறந்தேன். நாற்றங்கால் குளமாகியிருந்தது. முளைவிட்ட விதையெல்லாம் நுரையோடு ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. வரப்பைத் தாண்டி வழிந்த நீர் எங்கள் கணுக்காலைத் தொட்டது. ஆளாளுக்குக் கூச்சலிட்டு ஓட, சம்பந்தி மட்டும் முன்வரிசையில் கண்மூடி நின்றுகொண்டிருந்தார்.

"சம்பந்தி! கண்களைத் திறவுங்கள்!"

திறந்தார். பார்த்தார். "தண்ணிச் சத்தம் மொதல்லயே கேட்டுச்சுங்க" என்றார். "சம்பந்தி தொறக்கக் கூடாதுன்னு சொல்றப்ப எப்படித் தொறக்கறதுன்னு நின்னுட்டேன்."

அவர் என்னை நான்கு வார்த்தை ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன். ஏசவில்லை. ஆகவே நான் காத்தையனைப் பிடித்தேன். "ஏன் ஐயா திறந்தீர்?"

"நீங்கதானங்கய்யா சொன்னீங்க! ஒரு தடவையா? தொற, அடை, தொற, அடைன்னு எட்டுத் தடவை. என் முதுகே போச்சு."

"அது மூச்சுப் பயிற்சிக்குரிய கலைச்சொல்!"

"எனக்கென்னங்கய்யா தெரியும்? சீனாக்காரன் பாசையில சொல்லியிருந்தா, நமக்கில்லன்னு பேசாம உக்காந்திருப்பேன். நீங்க சுத்தமான தமிழ்ல சொன்னீங்க."

என் முப்பத்தாறு ஆண்டுப் பணியில், நான் சொன்னதைச் சொன்னபடியே புரிந்துகொண்டு உடனே நிறைவேற்றிய ஒரே மாணவர் அவர்தாம்.

விதையை நெய்விளக்கு ஏற்றி வேண்டினாலும் உடனே முளைகட்டிவிட முடியாது. ஊறவைத்து, சாக்கில் மூடி, முளை வர இரண்டு நாளாகும். அதுவரை சம்பந்தி வீட்டிலேயே இருந்தோம். நாற்றங்காலை அழித்துவிட்டு விருந்துண்டு பேருந்து ஏற எனக்கு முகமில்லை. மூன்றாம் நாள் விதை விடுவதற்கு நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். சாகுல் அமீது ஓராண்டாகக் கற்பித்தும் எனக்கு வராத, கால்களை அகற்றித் தாழ்ந்து நிற்கும் 'குதிரை நிலை' முதல் அடியிலேயே அமைந்துவிட்டது. அதிலிருந்து வெளியே வரத்தான் இயலவில்லை. சம்பந்தியும் காத்தையனும் ஆளுக்கொரு கையைப் பற்றி இழுத்தார்கள். சேறு என்னை விட்டபோது எழுந்த ஓசையை இங்கே எழுதவியலாது.

வரப்பில் நின்ற என் மனைவி, "நாத்தைப் புடுங்கிப் பாத்திருக்கேன், வாத்தியாரைப் புடுங்கி இப்பதான் பாக்குறேன்" என்றாள்.

சம்பந்தி சிரித்தார். சேற்றிலேயே உட்கார்ந்துவிடுமளவுக்குச் சிரித்தார். அன்றிரவு உணவின்போது அவர் பேசியதை எண்ணினால் நான்கு சொல்லை நானூறால் பெருக்கவேண்டும்.

இப்போதும் பயிற்சி செய்கிறேன். கட்டளைகளை மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் நான் எதைப்பற்றியேனும் சற்று விரித்துரைக்கத் தொடங்கினால், மூன்று வயதுப் பேத்தி கையை வயிற்றருகே வைத்துக்கொண்டு, "மடை அடை, தாத்தா!" என்கிறாள். எவர் பழக்கினார் என்று நான் கேட்பதில்லை. அவள் பாட்டி அப்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஆண்டுதோறும் ஆவணியில் சம்பந்தியிடமிருந்து அழைப்பு வரும். "நாளைக்கு வெதை விடுறோம் சம்பந்தி. ரெண்டு நாளைக்குப் பேசாம இருங்க."

இருக்கிறேன். அந்த இரண்டு நாள்தான் என் இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது.